நிலுவையில் ஒரு கேள்வி

கைப்பேசிச் செயலி எழுதப் பழகுகிறவர் முதல் வாரத்திலேயே ஒரு டயலாக் பெட்டியைத் திரையில் வரவழைத்துவிடுவார். மேலே தலைப்பு, நடுவில் செய்தி, அடியில் 'ஆம்', 'வேண்டாம்' என்று இரண்டு பட்டன். ஐந்தாறு வரி நிரலில் வேலை முடிந்துவிடும். செயலி வெளியாகி, விதவிதமான போன்களில் விதவிதமான கைகளில் ஓடத் தொடங்கிய பிறகுதான் வில்லங்கம் தெரியவரும். போனைப் படுக்கவைத்துப் பிடித்தால் பெட்டி காணாமல் போகிறது. வேறொருவருக்கு ஒரே பெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முறை வருகிறது. இன்னொருவருக்குச் செயலியே கிராஷ் ஆகிறது. எழுதியவரின் மேசையில் மட்டும் இதில் ஒன்றுகூட நடக்காது.

இந்தத் தொல்லைகள் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். பெட்டியைக் 'காட்டு' என்பதை நாம் நொடியில் முடிந்துபோகும் ஒரு செயலாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் டயலாக் பெட்டி என்பது பதில் வராமல் நிலுவையில் நிற்கும் ஒரு கேள்வி. அது அரை விநாடியும் நிலுவையில் நிற்கலாம், அரை மணி நேரமும் நிற்கலாம். அந்த இடைவெளியில் போன் திரும்பும், அழைப்பு வரும், நினைவகம் தீரும், பேட்டரி சேமிப்பு குறுக்கிடும்.

மேசைக் கணினிக்கு நிரல் எழுதியவர்கள் ஒரு சொகுசுக்குப் பழகியிருந்தார்கள். விண்டோஸில் 'மெசேஜ்பாக்ஸ்' என்று அழைத்தால், பயனர் பதில் சொல்லும்வரை உங்கள் நிரலின் அடுத்த வரி ஓடாது. பதில் நேராகக் கையில் வந்து சேரும். ஜாவாஸ்கிரிப்டின் 'அலர்ட்', 'கன்ஃபர்ம்' கட்டளைகளும் அதே குணம்தான். கைப்பேசியில் அது நடக்காது. திரையை வரைவது, விரல் தொடுவதைக் கவனிப்பது, அசைவுகளை நகர்த்துவது எல்லாம் 'மெயின் த்ரெட்' என்ற ஒரே இழையின் பொறுப்பு. அதை நிறுத்தி வைத்துவிட்டால் பெட்டியை வரையவே ஆள் இருக்காது. 'ஆம்' என்று தொட்டாலும் கேட்க ஆள் இருக்காது. ஆண்ட்ராய்டில் ஒரு தொடுகைக்கு 5 விநாடி வரை பதில் இல்லையென்றால், செயலி பதிலளிக்கவில்லை, மூடிவிடவா என்று இயங்குதளமே தன் சொந்தப் பெட்டியுடன் வந்து நிற்கும்.

ஆகவே ஆண்ட்ராய்டின் 'ஷோ' கட்டளை பயனருக்காகக் காத்திருக்காது. பெட்டியைத் திரைக்கு அனுப்பிவிட்டு உடனே திரும்பிவிடும். இதை அறியாதவர் ஒரு வரியில் 'கோப்பை நீக்கவா?' என்ற பெட்டியைக் காட்டுகிறார், அதற்கு அடுத்த வரியில் கோப்பை நீக்குகிறார். பயனர் கேள்வியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கோப்பு போய்விட்டிருக்கும். 'வேண்டாம்' என்று அவர் தொடுவதில் எந்தப் பயனும் இல்லை. நீக்கும் வேலை 'ஆம்' பட்டனுக்குள் இருக்க வேண்டும், பெட்டிக்குப் பின்வரும் வரியில் அல்ல.

காத்திருக்காமல் திரும்பிவிடும் பெட்டி, திரையில் எதன்மேல் நிற்கிறது என்பதுதான் அடுத்த சிக்கல். ஆண்ட்ராய்டில் பயனர் பார்க்கும் ஒவ்வொரு திரைக்கும் பின்னால் 'ஆக்டிவிட்டி' என்ற ஒன்று இருக்கிறது. திருவிழாவில் கடை போட வேண்டுமென்றால் இடச்சீட்டு வாங்க வேண்டும் அல்லவா, அதுபோல விண்டோ ஒன்றைத் திரையில் வைக்க 'டோக்கன்' வேண்டும். அந்தச் சீட்டு ஆக்டிவிட்டியிடம்தான் இருக்கிறது. செயலி முழுமைக்கும் பொதுவான 'அப்ளிகேஷன் கான்டெக்ஸ்ட்' என்பதைக் கொடுத்துப் பெட்டியைத் திறக்கப் பார்த்தால், விண்டோக்களை மேற்பார்க்கும் 'விண்டோ மேனேஜர்' சீட்டு எங்கே என்று கேட்டு விரட்டிவிடும். அதுதான் 'பேட் டோக்கன் எக்ஸெப்ஷன்' என்ற பெயரில், பதிவேடான லாகில் வந்து விழும் கிராஷ். ஆக்டிவிட்டி மூடிக்கொண்டிருக்கும்போது பெட்டியைத் திறந்தாலும் இதே கதி. சீட்டு இருக்கிறது, ஆனால் செல்லாது.

நேர்மாறான நிலைமையும் உண்டு. விழா முடிந்துவிட்டது, கடை மட்டும் பிரிக்கப்படாமல் நிற்கிறது. ஆக்டிவிட்டி அழியும்போது அதன்மேல் பெட்டி திறந்திருந்தால் ஆண்ட்ராய்டு அந்த விண்டோவைத் தானே அகற்றிவிட்டு, 'விண்டோ லீக்ட்' என்று லாகில் ஒரு புகார் எழுதி வைக்கும். இதனால் செயலி விழாது. பலர் கவனிப்பதும் இல்லை. பிறகு பின்னணி வேலை முடிந்து வந்து, இல்லாத அந்தப் பெட்டியை மூடு என்று ஆணையிடும்போதுதான் கிராஷ்.

ஆக்டிவிட்டி எப்போது அழியும்? ஆண்ட்ராய்டுக்குப் புதியவர்களை அதிரவைக்கும் இடம் இது. போனைப் பக்கவாட்டில் திருப்பினாலே போதும். நின்ற திரைக்கு ஒரு வடிவமைப்பு, படுத்த திரைக்கு இன்னொன்று என்று நிரலர் வைத்திருக்கலாம் என்பதால், பழைய ஆக்டிவிட்டியை அழித்துப் புதிதாக ஒன்றைப் பிறப்பிப்பதே இயங்குதளத்தின் இயல்பான வழக்கம். மொழியை மாற்றினாலும், இருள் தோற்றத்துக்குப் போனாலும் அப்படியே. புதிய ஆக்டிவிட்டிக்குப் பழைய பெட்டியைப் பற்றி எதுவும் தெரியாது. பெட்டி காணாமல் போவதன் ரகசியம் அவ்வளவுதான். திரை திரும்பாதபடி பூட்டிவிட்டால் தீர்ந்தது என்று சிலர் எண்ணுகிறார்கள். தீராது. செயலி பின்னால் போனதும் நினைவகம் போதாமல் இயங்குதளம் அதை முழுவதுமாகக் கொன்றுவிட்டு, பயனர் திரும்பி வரும்போது மறுபடி எழுப்பலாம். விலை குறைந்த போன்களில் இது அன்றாடம் நடப்பது.

2011இல் வந்த ஆண்ட்ராய்டு 3.0 இதற்கு மருந்தாக 'டயலாக் ஃபிராக்மென்ட்' என்பதைக் கொண்டுவந்தது. பெட்டி திறந்திருந்தது என்பதை இயங்குதளமே குறித்து வைத்துக்கொண்டு, புதிய ஆக்டிவிட்டியின்மேல் மறுபடி எழுப்பும். மருந்துக்கும் பத்தியம் உண்டு. பெட்டியை மறுபடி பிறப்பிக்கும்போது அளவுருக்கள் எதுவும் இல்லாத வெற்றுக் கன்ஸ்ட்ரக்டரையே இயங்குதளம் அழைக்கும். 'ஆம் என்றால் இதைச் செய்' என்று நீங்கள் கையில் கொடுத்தனுப்பிய நிரல்துண்டு அங்கே வந்து சேராது. பெட்டி இருக்கும், பட்டன் இருக்கும், தொட்டால் ஒன்றும் நடக்காது. இன்னொரு பத்தியம்: ஆக்டிவிட்டி தன் நிலையைப் பதிவு செய்து முடித்த பிறகு புதிய பெட்டியைத் திறக்க முயன்றால் செயலி கிராஷ் ஆகும். பதிவில் இடம்பெறாத பெட்டி பிறகு தொலைந்துபோகும் என்பதால், தொலைவதற்கு முன்பே கூச்சல் போட்டுவிடுவது என்று வடிவமைத்தவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். கூச்சலை அடக்கவும் ஒரு கட்டளை உண்டு. நிரலர்கள் காரணம் தேடாமல் அந்தக் கட்டளையைப் போட்டுவிட்டுப் போவது, கசியும் கூரைக்கு அடியில் ரேடியோவைச் சத்தமாக வைப்பதற்குச் சமம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரியான தீர்வு வேறு திசையிலிருந்து வந்தது. 2019இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய ஸ்விஃப்ட்யூஐ, 2021இல் முதல் நிலையான பதிப்பைக் கண்ட ஆண்ட்ராய்டின் ஜெட்பேக் கம்போஸ் ஆகியவற்றில் 'பெட்டியைக் காட்டு' என்று நிரலர் ஆணையிடுவதில்லை. 'நீக்கவா என்ற கேள்வி நிலுவையில் இருக்கிறதா?' என்று ஒரு மாறியில் குறித்து வைக்கிறார். அது 'இருக்கிறது' என்றால் திரை வரையப்படும்போது பெட்டியும் சேர்ந்து வரையப்படும். பதில் வந்ததும் மாறியை 'இல்லை' என்று மாற்றினால் பெட்டி போய்விடும். திரை எத்தனை முறை அழிந்து பிறந்தாலும், மாறி உயிரோடிருந்தால் கேள்வி தானாக வந்துவிடும். பட்டனை இரண்டு முறை வேகமாகத் தட்டினாலும் இரண்டு பெட்டி வர வழியில்லை. 'இருக்கிறது' என்பதை இரண்டு முறை எழுதினாலும் அது ஒன்றுதான். அந்த மாறியை எங்கே வைப்பது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். திரை திரும்புவதைத் தாங்க, ஆக்டிவிட்டி அழிந்து பிறந்தாலும் உயிரோடிருக்கும் 'வியூமாடல்' போதும். செயலியே கொல்லப்பட்டுத் திரும்புவதைத் தாங்க, இயங்குதளம் காத்து வைக்கும் 'சேவ்ட் ஸ்டேட்' வேண்டும். பழைய முறையில் எழுதுகிறவர்களும் இந்தச் சிந்தனையைக் கடன் வாங்கலாம், யாரும் தடுக்கவில்லை.

ஐபோன் பக்கம் கதை வேறு விதமாக ஓடியது. தொடக்கத்தில் இருந்த 'யூஐ அலர்ட்வியூ' எந்தத் திரையையும் சாராமல் எல்லாவற்றுக்கும் மேலே மிதந்தது. எங்கிருந்து வேண்டுமானாலும் அழைக்கலாம். 2014இல் ஐஓஎஸ் 8 அதை ஓய்வுபெறச் செய்து 'யூஐ அலர்ட்கன்ட்ரோலர்' என்பதை அமர்த்தியது. இது ஒரு திரையிடமிருந்துதான் எழ முடியும். அந்தத் திரை கண்ணுக்குத் தெரியும் நிலையில் இல்லையென்றால், உதாரணமாகத் திரை தயாராகும் 'வியூ டிட் லோட்' கட்டத்திலேயே அழைத்துவிட்டால், பெட்டி வராது. கிராஷும் ஆகாது. நிரலரின் கன்சோலில் ஒரு எச்சரிக்கை வரி மட்டும் ஓடி மறையும். ஒரு திரை ஏற்கெனவே ஒரு பெட்டியைத் தாங்கியிருந்தால் இரண்டாவதுக்கும் இதே மௌனம்தான். இணைப்பு அறுந்ததைச் சொல்லும் பெட்டி திறந்திருக்கும்போது, பணம் செலுத்துவது தோற்றுவிட்டது என்ற பெட்டி வந்தால் பின்னது தொலைந்தது. ஆண்ட்ராய்டு சத்தம் போட்டு விழும், ஐபோன் பேசாமல் விழுங்கும். இரண்டில் எது நல்லது என்று கேட்டால், சோதனைக் கட்டத்தில் சத்தம் போடுவதுதான் என்பேன்.

இவ்வளவும் இயந்திரத்தின் பக்கம். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய மனிதரின் பக்கம் இன்னும் பழைய வழக்கு ஒன்று நிலுவையில் இருக்கிறது.

லாரி டெஸ்லர் என்ற கணினி அறிவியலாளர் 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். பிறகு ஆப்பிளுக்குப் போனார். வெட்டி ஒட்டும் கட்-காப்பி-பேஸ்ட் நமக்குக் கிடைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவருடைய வாழ்நாள் பகை 'மோட்' என்ற ஒன்றோடுதான். ஒரே விசை ஒரு நேரத்தில் ஒன்றையும் இன்னொரு நேரத்தில் வேறொன்றையும் செய்தால் மனிதர் தவறு செய்தே தீருவார் என்பது அவர் கட்சி. தம் காரின் எண் பலகையிலேயே 'நோ மோட்ஸ்' என்று போட்டுக்கொண்டவர் அவர். 2020இல் காலமானார். டயலாக் பெட்டி மோட்களிலேயே கண்டிப்பானது: பதில் சொல்லாமல் பின்னால் இருக்கும் எதையும் தொட விடாது. மனிதர் செய்துகொண்டிருந்த வேலையைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொள்கிறது. அப்படிப் பிடுங்க ஒரு தகுதி வேண்டும். பதில் தெரியாமல் செயலி மேலே நகரவே முடியாத உண்மையான கேள்வி ஒன்று இருக்க வேண்டும். 'சேமிக்கப்பட்டது' என்பது கேள்வி அல்ல. அதற்குத் திரையின் அடியில் சில விநாடி தோன்றி மறையும் 'ஸ்நாக்பார்' போதும். 'இணைய இணைப்பு இல்லை' என்பதற்கு மேலே ஒரு பட்டை போதும். 'எங்கள் செயலிக்கு ஐந்து நட்சத்திரம் தருவீர்களா?' என்பது கேள்விதான். ஆனால் நிறுவனத்துக்குத்தான் பதில் வேண்டும், பயனருக்கு வேண்டாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி சீக்கிரம் கண்ணிலிருந்து மறைந்துவிடும். அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், மூளையை எஃப்எம்ஆர்ஐ கருவியில் படமெடுத்துக்கொண்டே பாதுகாப்பு எச்சரிக்கைகளைக் காட்டினார்கள். ஒரே எச்சரிக்கையை இரண்டாவது முறை காட்டும்போதே, பார்த்ததை அலசும் மூளைப் பகுதிகளின் செயல்பாடு சட்டென்று குறைந்தது. அது சோம்பேறித்தனம் இல்லை, மூளை வேலை செய்யும் விதமே அப்படி. மெக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஜெஃப் ராஸ்கின் 2000இல் எழுதிய நூலில் இதை வேறு வழியில் வந்தடைந்திருந்தார். 'நிச்சயமாகவா?' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் 'ஆம்' என்பதே பதிலாக இருப்பதால், நீக்குவதும் ஆம் சொல்வதும் சேர்ந்து ஒரே கைப்பழக்கமாகிவிடும். யோசிக்க வைக்கும் பெட்டி யோசிக்காமல் தொடும் பெட்டியாகிவிடும் என்றார்.

உறுதிப்பெட்டியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2018 ஜனவரி 13 காலை, ஹவாய் மாநில அவசரகால நிர்வாக முகமையில் பணிநேரம் மாறும் வேளையில் ஓர் ஏவுகணை எச்சரிக்கைப் பயிற்சி நடந்தது. பயிற்சி என்பதை உணராத ஊழியர் ஒருவர், தாக்குதல் உண்மை என்று நம்பி, உண்மையான எச்சரிக்கைக்கான தேர்வை எடுத்தார். மென்பொருள் தன் கடமையைச் செய்தது. இந்த எச்சரிக்கையை அனுப்பத்தான் வேண்டுமா என்று ஒரு பெட்டி கேட்டது. சோதனைக்கும் உண்மைக்கும் அது கேட்ட கேள்வி ஒன்றேதான். அவர் ஆம் என்றார். ஏவுகணை வருகிறது, உடனே ஒதுங்குங்கள் என்ற செய்தி 8:07க்கு மாநிலம் முழுவதும் கைப்பேசிகளில் அலறியது. தவறு என்ற திருத்தம் கைப்பேசிகளுக்குப் போய்ச் சேர 38 நிமிடம் ஆயிற்று. அனுப்புவதற்கு உறுதிப்பெட்டி இருந்தது, திரும்பப் பெறுவதற்குத் தயாராக ஒரு செய்தி இல்லை. அதை அங்கேயே உட்கார்ந்து புதிதாக எழுத வேண்டியிருந்தது. பிறகு இருவர் சேர்ந்தே அனுப்ப வேண்டும் என்ற விதியையும், ரத்துச் செய்தியையும் சேர்த்தார்கள்.

உறுதி கேட்கும் பெட்டிக்கு மேலானது, செய்ததைத் திரும்பப் பெறும் வசதி. ராஸ்கினின் மகன் ஏசா ராஸ்கின் 2007இல் இதையே வாதமாக வைத்து எழுதினார். ஜிமெயில் 2009இல் சோதனை வசதியாகக் கொண்டுவந்து 2015இல் எல்லாருக்கும் தந்த 'அன்டூ செண்ட்' இந்த வகை. அனுப்பிய மடலை அது திரும்பப் பிடிப்பதில்லை. சில விநாடி அனுப்பாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். கைப்பேசிச் செயலியிலும் ஒரு பதிவை நீக்கினால் உடனே திரையிலிருந்து மறைத்துவிட்டு, அடியில் 'நீக்கப்பட்டது – திரும்பப் பெறு' என்று காட்டி, தரவுத்தளத்திலிருந்து பிறகு அழிக்கலாம். பத்தில் ஒன்பது 'நிச்சயமாகவா?' பெட்டிகள் இப்படி ஒழியும் என்பது என் கணிப்பு. மீதமிருக்கும் ஒன்று, திரும்பப் பெறவே முடியாத காரியங்களுக்கு. யூபிஐ செயலிகள் பணம் போவதற்கு முன் பெறுபவரின் வங்கிப் பதிவுப் பெயரைக் காட்டுவது நல்ல உதாரணம். வெறுமனே 'நிச்சயமா?' என்று கேட்காமல், முடிவெடுக்கத் தேவையான புதிய தகவல் ஒன்றைத் தருகிறது.

பட்டன்மேல் என்ன எழுதுவது என்பதையும் விட்டுவைக்க முடியாது. 'ஆர்டரை ரத்து செய்யவா?' என்ற கேள்விக்கு அடியில் 'சரி', 'ரத்து' என்று இரண்டு பட்டன் இருந்தால் எதைத் தொடுவது? தமிழில் வரும் செயலிகளில் இது இன்றும் கண்ணில் படுகிறது. ஆங்கிலத்தில் பொதுவாக எழுதிய பட்டன் பெயரை மொழிபெயர்ப்பாளர் கேள்வியைப் பார்க்காமல் மொழிபெயர்த்ததன் விளைவு. 'ரத்து செய்', 'ஆர்டர் இருக்கட்டும்' என்று எழுதினால் கேள்வியைப் படிக்காதவர்கூடப் பிழைத்துக்கொள்வார். தமிழ்ச் சொற்கள் அகலம் கேட்கும். பட்டன்கள் பக்கத்துப் பக்கத்தில் இடம் கொள்ளாதபோது ஒன்றன்கீழ் ஒன்றாக அமையும்படி விட வேண்டும். எழுத்தை வெட்டி முப்புள்ளி வைக்கக் கூடாது. எந்தப் பட்டன் எந்தப் பக்கம் என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். ஆண்ட்ராய்டே 2011இல் 4.0 பதிப்பின்போது ஒப்புதல் பட்டனை இடமிருந்து வலத்துக்கு மாற்றியது. எது ஒப்புதல், எது விலகல், எது அழிவு என்று வகையை மட்டும் சொல்லிவிட்டால் இடத்தை இயங்குதளம் பார்த்துக்கொள்ளும். இயங்குதளம் தரும் பெட்டியையே பயன்படுத்துவதில் இன்னொரு லாபமும் உண்டு. பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துக்காட்டும் டாக்பேக், வாய்ஸ்ஓவர் ஆகியவை பெட்டி திறந்ததும் அதற்குள் வந்து நிற்கும். அழகுக்காகக் கையால் வரைந்த போலிப் பெட்டியில் அவை பின்னால் மூடியிருக்கும் பட்டன்களையும் படித்துக்கொண்டு அலையும்.

அனுமதி கேட்கும் பெட்டிகள் தனி இனம். கேமரா வேண்டுமா, இருப்பிடம் வேண்டுமா என்று கேட்பது செயலி. பெட்டியைக் காட்டுவது இயங்குதளம். ஐபோனில் ஓர் அனுமதியைப் பயனர் ஒரு முறை மறுத்துவிட்டால் அந்தப் பெட்டி மறுபடி வராது. அவரே செட்டிங்ஸுக்குப் போய்த் திறந்தால்தான் உண்டு. ஆண்ட்ராய்டு 11 முதல் இரண்டு முறை மறுத்தால் இனிக் கேட்காதே என்று பொருள். அதாவது இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்குக் கிடைப்பது ஒன்றோ இரண்டோ வாய்ப்பு. செயலி திறந்த கையோடு, யாரென்றே தெரியாத நிலையில், நான்கு அனுமதிகளை வரிசையாகக் கேட்பது அந்த வாய்ப்பைத் தெருவில் போடுவது. பயனர் கேமரா பட்டனைத் தொட்ட பிறகு கேமராவுக்கு அனுமதி கேளுங்கள். அப்போது ஏன் என்று விளக்கவே வேண்டியிருக்காது.

நீங்கள் செயலி எழுதுகிறவர் என்றால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆண்ட்ராய்டு போனில் பில்ட் எண்ணை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' என்பதை இயக்குங்கள். திரையை விட்டு விலகியதும் ஆக்டிவிட்டியை அது அழித்துவிடும். எழுத்தளவை உச்சத்தில் வைத்து, மொழியைத் தமிழாக்குங்கள். பிறகு உங்கள் செயலியின் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, போனைத் திருப்பி, முகப்புக்குப் போய்த் திரும்பி வந்து, பெட்டிக்கு வெளியே தொட்டு, பின்செல்லும் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கேள்வி அதே இடத்தில் நிற்க வேண்டும், அல்லது 'வேண்டாம்' என்ற பதிலாகக் கொள்ளப்பட வேண்டும். இரண்டும் நடக்காத பெட்டியைச் சரிசெய்யாமல் செயலியை வெளியிடாதீர்கள்.